கஞ்சி போட்ட நாப்கின்கள்

என் அப்பா செத்த பிறகும் என்னை ஏசுவதை நிறுத்தவில்லை.

பேய் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் பேய் என்றால் அதற்கொரு மரியாதை இருக்கிறது. புளியமரம், கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ மணம் எல்லாம் வேண்டும். அப்பாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் எங்கள் வாடகை ஃபிளாட்டுக்கு, பட்டப்பகலில், நான் மகளின் பின்புறத்தைத் துடைக்கிற நேரம் பார்த்து வருவார். என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எலே, அது பிள்ளை. இலை எடுத்த மேசை இல்ல. மெல்லத் துடை” என்பார். அந்தக் குரல் என் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். குழந்தையும் என் தோளுக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேசை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் மேனேஜராக இருந்தார். மேனேஜர் என்றால் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுப்பவர், சர்வரை முறைப்பவர், சாம்பாரில் உப்பு கூடினால் வாடிக்கையாளரிடம் சிரிப்பவர். நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வந்து ஆயுள் முழுக்க அந்த நாற்காலியிலேயே இருந்தார். அந்த நாற்காலிக்குச் சீருடை வெள்ளை வேட்டி. சாதாரண வெள்ளை அல்ல. அவர் வேட்டியை நாற்காலியில் தனியாக நிறுத்திவைத்தால் அதுவே கல்லாவைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவு கஞ்சி. வண்ணானிடம் கொடுக்கமாட்டார், இயந்திரத்தை நம்பமாட்டார். அம்மா இருந்த காலத்திலும் சரி, அம்மா போன பிறகும் சரி, சோறு வடித்த கஞ்சியை அவரே துணியில் வடிகட்டி, நீலம் கலந்து, முக்கி, உதறி, கொடியில் ஒரு சுருக்கம் இல்லாமல் விரிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த எனக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. என் கல்யாணத்துக்கு ஒட்டுகிற பட்டை வைத்துத் தைத்த வேட்டிதான் கட்டினேன். தாலி கட்டும் நேரத்தில் அப்பா என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு ஒன்றையாவது இவன் ஒழுங்காகப் போடுவானா என்ற கவலை. தாலி முடிச்சையும் எனக்காக மைனிதான் போட்டாள். மைனி என்றால் என் அண்ணனின் மனைவி, நாகர்கோவிலில் இருக்கிறாள். முறைப்படி நாத்தனார் போடவேண்டியது. எனக்கு அக்கா தங்கை இல்லாததால் அந்தப் பொறுப்பும் மைனி தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. வயதான ஒருவர் உடுத்து உடுத்து நைந்த வேட்டியையோ சேலையையோ கிழித்துத்தான் சுற்றுவார்கள். பிள்ளைத் தோலுக்கு மெத்தென்று இருக்கும் என்பது ஒன்று. உடுத்தவரின் ஆயுசு பிள்ளைக்கும் ஒட்டும் என்பது இன்னொன்று. என் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று சொன்னபோது அப்பா சந்தோஷம் என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நைந்த வேட்டிகளாகப் பார்த்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் கரையையும் விரலால் தடவிப் பார்த்தார். “இது போதும் மக்ளே. கடையில ஒண்ணும் வாங்காண்டாம்” என்றார் அவளிடம்.

பிள்ளை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர், அவ்வளவுதான். காரியங்கள் முடிந்து வீட்டைக் காலிசெய்யும்போது கட்டிலுக்கடியில் அந்தத் தகரப்பெட்டி கிடைத்தது. திறந்தவுடன் மணம் எழும்பி முகத்தில் அடித்தது. கஞ்சி, நீலம், பாச்சா உருண்டை, அதற்கடியில் எங்கேயோ ஹோட்டல் காப்பியும் சாம்பிராணியும். அப்பா உள்ளே படுத்திருந்து மூடியைத் திறந்ததும் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் ஒரு எட்டு பின்னால் போய்விட்டேன்.

உள்ளே வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்து அடுக்கியிருந்தார். அத்தோடு விட்டிருந்தால் அவர் வேறு யாரோ. ஒவ்வொரு சதுரத்துக்கும் கஞ்சி போட்டிருந்தார். இஸ்திரி போட்டிருந்தார். பூச்சி அண்டாமல் அடுக்குக்கு அடுக்கு பாச்சா உருண்டை வைத்திருந்தார். பேத்தியோ பேரனோ மூத்திரம் போகப்போகிற துணி கசங்கி இருக்கக்கூடாது என்று அந்த மனுஷனுக்கு ஒரு வைராக்கியம். என் மனைவி ஒன்றை எடுத்துத் தட்டினாள். அப்பளம் மாதிரிச் சத்தம் கேட்டது.

“இதப் பிள்ளைக்குக் கட்டணுமா, பந்தியில இலைக்கு அடியில விரிக்கணுமா?” என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதே துணியால் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள். அது துடைக்காமல் குத்தியது.

ஆஸ்பத்திரிக்கு அதில் ஒன்றைக் கொண்டுபோனேன். முதல் துணி அப்பாவுடையதாக இருக்கவேண்டும் என்று எனக்கு. நர்ஸ் அதை வாங்கி மோந்து பார்த்து, என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரித் துணியில் குழந்தையைச் சுற்றிக் கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று தலைமுறைப் பந்தத்தை ஒரு மோப்பத்தில் தள்ளிவிட்டாள் என்று மைனியிடம் புலம்பினேன். மைனி தன்னுடைய பழைய வாயில் துணிச் சேலைகளைக் கிழித்து வைத்திருந்தாள். அவள் கூட இருந்து பார்த்துக்கொண்ட வரைக்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. மைனி ஊருக்குப் போனாள், சேலைத் துண்டுகள் நூலாய்ப் போய்விட்டன, மனைவிக்கு விடுப்பு முடிந்தது. அவள் அலுவலகம் போக ஆரம்பித்தாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால், பகலெல்லாம் பிள்ளை என் பொறுப்பு.

என் வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. எங்கே தப்பு என்று சொன்னால் போதும், திருத்தவேண்டிய அவசியம் இல்லை. அதனாலோ என்னவோ, கண்ணெதிரே இருந்த பிழையைப் பார்க்க எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

ஆரம்பம் கடை டயப்பரில்தான். லேப்டாப்பில் ஆபீஸ் கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே போனது, பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தாள், கழற்றப் பிந்திவிட்டது. திறந்து பார்த்தால் துடையிடுக்கு முழுக்கச் சிவப்பு. அடுப்பில் வைத்த தோசைக்கல்லைத் தொட்ட விரல் மாதிரி. அன்று மாலை மனைவியிடம் பெரிய மனுஷத்தனமாக அறிவித்தேன்: இனி இந்த வீட்டில் டயப்பர் கிடையாது, காற்றுப் போகிற பருத்தித் துணிதான், அதுவும் அப்பாவின் துணிதான். பெட்டியைத் திறந்தோம். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உதறிக் காயப்போட்டேன். அதற்குமேல் அலசத் தோன்றவில்லை. மனைவியும் சொல்லவில்லை. அந்த மணம் வீட்டில் இருப்பது இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. அவளும் துணியை மடிக்கும்போது மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவும் அந்தத் துணியோடேயே வந்து சேர்ந்தார்.

முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சுப் போடுவேன். “அது முடிச்சா? அவிழ்ந்து விழும் பாரு” என்பார். அவிழ்ந்து விழும். துணி விறைப்பாக இருந்ததால் பிள்ளையின் இடுப்பில் உட்காராமல், கவிழ்த்த காகிதக் கப்பல் மாதிரி தனியே நிற்கும். ஓரங்கள் துடையில் உரசும். நனைந்தால் கஞ்சி ஊறி வழவழவென்று ஒட்டும். சிவப்பு குறையவில்லை. பரவியது. மடிப்புகளுக்குள் போனது. பிறகு தோல் அங்கங்கே பளபளத்து, ஈரம் கசிய ஆரம்பித்தது. மூத்திரம் போகும்போதெல்லாம் வீறிட்டாள். அந்த அழுகையை எப்படிச் சொல்வது? பசி அழுகை என்னைக் கூப்பிடுகிற அழுகை. இது என்னைப் பார்த்து, நீயா இதைச் செய்கிறாய் என்று கேட்கிற அழுகை.

மைனி வீடியோவில் வைத்தியம் சொன்னாள். பவுடர் போடச் சொன்னாள், போட்டேன். பவுடரும் கஞ்சியும் மூத்திரமும் சேர்ந்து மடிப்புக்குள் மாவாகி, பிள்ளை வாணலியில் போடத் தயாரான போண்டா மாதிரி ஆனாள். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள், அதையும் மாவுக்கு மேலேயே தடவினேன். நானாக ஒரு ஞானோதயத்தில் வாசனை போட்ட ஈரத் தாள் ஒரு கட்டு வாங்கிவந்து துடைத்தேன். அன்று அவள் அழுத அழுகையில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, குஞ்ஞினு எந்து பற்றி, குழந்தைக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார். அப்பா மட்டும் வழக்கம்போல, “என்னலே, பஜ்ஜிக்கு மாவு கரைக்கியா?” என்றார்.

அப்போது இடவப்பாதி, தென்மேற்குப் பருவமழை. வெயில் என்ற ஒன்று இருந்த ஞாபகமே ஊருக்கு இல்லை. துணி காய வழியில்லாமல் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டியிருந்தேன். பகலிலேயே விளக்குப் போடுகிற மாதிரி இருட்டு. மின்விசிறிக் காற்றில் வெள்ளைச் சதுரங்கள் ஆடிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குக் கீழே நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காலில் பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டு, யாரோ எழுதியதில் பிழை தேடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. விசிறி நின்றது. துணிகள் ஒவ்வொன்றாக ஆட்டத்தை நிறுத்தித் தொங்கின. அழுது களைத்துத் தேம்பிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கி, அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து சிரித்தாள். எதைப் பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிய துண்டுகளின் கரைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய கரை, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, முறியாமல் ஓடியது. அப்பா கிழித்த வேட்டி ஒன்று, எந்தக் கை ஒழுங்குபடுத்தியதோ, முழுசாகத் திரும்பி வந்து ஹால் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. அவ்வளவுதான் குறை.

காயப்போட்டது நான்தான். வேறு யார் போட்டிருக்க முடியும்? ஆனால் அப்படி அடுக்கிய நினைவு எனக்கு இல்லை.

மாலையில் மனைவி வந்தாள். பையைக்கூட இறக்காமல் பிள்ளையை வாங்கித் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். அடிவயிறு வரைக்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் புதிதாகக் கிளம்பியிருந்தன. “நாளைக்கு நான் போகல. டாக்டர்கிட்டப் போறோம்” என்றாள். “ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், எனக்கு இவ அழுகையே கேட்டுக்கிட்டிருக்கு. ஃபோன வச்ச பொறவும் கேக்குது.” அவளுக்கு அது, எனக்கு அப்பா. ஒரு வீட்டில் ஆளுக்கொரு குரல்.

டாக்டர் அம்மாவுக்கு மலையாளமும் எங்களுக்காகக் கொஞ்சம் தமிழும். புண்ணைப் பார்த்தார், மடிப்புகளை விரித்துப் பார்த்தார், என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு சமையல் குறிப்பைக் கேட்பவர் முகம் மாதிரி ஆனது. டயப்பரா துணியா என்றார். துணிதான், சுத்தமான பழைய பருத்தி என்று சொல்லி, பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பெருமையாக நீட்டினேன். அவர் அதை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். சரசரவென்றது. ஏதோ சொல்லச் சிரிப்போடு வாயெடுத்தவர், துணியை மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது.

“பாச்சா உருண்டை வச்ச பெட்டியா?”

ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் புண்ணைப் பார்க்கவில்லை. பிள்ளையின் மூக்கை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்ளங்காலைப் பார்த்தார். மூத்திரம் பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் போனதா, பிள்ளை சோர்ந்து கிடந்தாளா, இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது ரத்தத்தில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். சில குழந்தைகளின் ரத்தத்துக்கு இந்த உருண்டை ஆகாது, ரத்த அணுக்களையே உடைத்துவிடும், மஞ்சள் ஏறும், துணியில் இருக்கிற மணமே போதும் என்றார். எல்லோருக்கும் அல்ல, ஆனால் இவள் அதில் ஒருத்தியா என்று சோதித்தால்தான் தெரியும். ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தார்.

அந்தச் சின்னக் காலில் ரத்தம் எடுத்ததை நான் பார்க்கவில்லை. சுவரில் தாய்ப்பால் பற்றிய படம் ஒன்று இருந்தது, அதை மனப்பாடம் செய்தேன். பிறகு முடிவு வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் நெற்றியை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளா, வெறும் ட்யூப்லைட்டா என்று தெரியவில்லை. நான் அப்பாவுக்காகக் காத்திருந்தேன். ஏதாவது சொல்வார், ஏசுவார், “உனக்கு மூக்கு எதுக்குலே வச்சிருக்கு?” என்பார் என்று. அவர் வாயே திறக்கவில்லை. துணியோடு வந்து சேர்ந்ததிலிருந்து அவர் பேசாமல் இருந்தது அந்தப் பெஞ்சில்தான். என் பக்கத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு, விறைப்பான வேட்டியில் உட்கார்ந்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவருக்கு இது தெரியவேண்டாம், தெரியவே வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். செத்தவருக்குத் தெரியாமல் மறைப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டதைப் பார்த்து நாங்களும் விட்டோம்.

அதன்பிறகுதான் புண்ணுக்கு வந்தார். மடிப்பில் இருந்த புள்ளிகள் பூஞ்சைக் கிருமி, ஈரத்தில் வருவது, அதற்கொரு களிம்பு கொடுத்தார். பவுடர் வேண்டாம், அது பிள்ளையின் மூச்சிலும் போகும். வாசனைத் தாள் வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும். துடைக்கக்கூடாது, ஒற்றவேண்டும். ஈரம் போன பிறகு ஜிங்க் கிரீமை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி கனமாகப் பூசவேண்டும். அடுத்த தடவை அதைச் சுரண்டி எடுக்காமல் அழுக்கை மட்டும் எடுத்து மேலே பூசவேண்டும். நனைந்தால் உடனே மாற்றவேண்டும். முடிந்த நேரமெல்லாம் ஒன்றும் கட்டாமல் காற்றாடப் போடவேண்டும். குறையாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கொப்புளமோ சீழோ கண்டாலோ காத்திருக்காமல் வரவேண்டும்.

அந்தத் துணியைத் தூரப் போட்டுவிடுங்கள் என்றார். மனைவிதான் சொன்னாள், அது இவருடைய அப்பா பேத்திக்கு வைத்துவிட்டுப் போனது என்று. டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைத் திரும்ப மடித்து என்னிடம் கொடுத்தார்.

“எங்கில், அப்படின்னா, நல்லாக் கொதிக்க வைக்கணும். பல தடவை. வெயில் காணிக்கணும். மணம் பூரா போகணும், கேட்டோ. கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. அதுவரை பிள்ளைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.”

மணம் பூரா போகணும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டியில் அப்பா என்று சொல்ல வேறு என்ன இருந்தது? துணி கடையில் கிடைக்கும்.

மறுநாள் மனைவி பிள்ளையோடு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து, வீட்டிலேயே பெரிய பாத்திரமான சருவத்தை அடுப்பில் ஏற்றினேன். விருந்தாளி வந்தால் பாயசம் வைக்கிற வாயகன்ற பாத்திரம் அது. தண்ணீர் கொதித்ததும் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். விறைத்து நின்றவை மெல்ல இடுப்பொடிந்து உள்ளே சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெள்ளையாகி, நுரைத்து, பொங்கி வழிந்தது. அப்பா ஊற்றிய கஞ்சி முழுக்கத் திரும்ப வந்தது. கூடவே மணமும். காப்பி, சாம்பிராணி, கல்லா மேசை, முதல் வரிசைப் பந்தி, காலை ஆறு மணிக்கு அவர் உதறுகிற வேட்டி எல்லாம் ஆவியாகி என் முகத்தில் அடித்து ஜன்னல் வழியே மழைக்குள் போயின. என்ன ஸ்பெஷல் என்று எதிர்வீட்டுக்காரர் வராந்தாவிலிருந்து கேட்டார். அப்பாவைக் காய்ச்சுகிறேன் என்று வாய்வரை வந்தது. எனக்கே சிரிப்பு வரவில்லை. துணி அவிக்கிறேன் என்றேன்.

“கரண்டியால கிண்டாத, நார்நாராப் போயிரும்” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் தள்ளியிருந்து வந்தது.

பிள்ளைக்கு மைனி கூரியரில் புதிதாகக் கிழித்த பழைய சேலைத் துண்டுகள் அனுப்பிவைத்தாள். பவுடர் சொன்ன வாய்க்குப் பரிகாரம் என்றாள். நான் டாக்டர் சொன்னபடி செய்ய ஆரம்பித்தேன். பாயில் மெழுகுத்துணி விரித்து, மேலே சேலைத் துண்டு விரித்து, பிள்ளையை வெற்று உடம்பாய்ப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து கூட்டங்களில் பேசினேன். பாதிப் பேச்சில் அவள் என் லேப்டாப் மேலேயே பெய்தாள். அன்று அந்த மென்பொருளைப் பற்றி என் கருத்தும் அதுவாகத்தான் இருந்தது. ஒற்றினேன், காற்றாடவிட்டேன், சுண்ணாம்பு அடித்தேன். பளபளப்பு முதலில் போனது. பிறகு புள்ளிகள் மங்கின. ஒரு நாள் மூத்திரம் போய்விட்டு அழாமல் காலை உதைத்தாள். மனைவிக்கு ஃபோன் செய்து சொன்னேன். “இப்பத்தான் என் காதுலயும் நின்னுது” என்றாள்.

துணியை இடையிடையே அவித்துக்கொண்டேயிருந்தேன். வெயில் எட்டிப்பார்த்தால் மொட்டைமாடிக்கு ஓடினேன். ஒவ்வொரு அவிப்புக்கும் துணி மெத்தென்று ஆனது, அப்பாவின் குரல் ஒரு படி இறங்கியது. வார்த்தைகள் குறைந்தன. கடைசியில் “எலே” என்ற ஒன்றுதான் மிச்சம், அதுவும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

மனைவி ஒரே ஒரு துண்டை அவிக்காமல் எடுத்துவைத்திருந்தாள். மயில்கழுத்துக் கரை போட்டது. எனக்காக. ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, சுவர் அலமாரியின் உச்சித் தட்டில் தள்ளிவைத்திருந்தாள். “அது அங்க இருக்கட்டும். எப்பவாவது தொறந்து பாத்துக்கோங்க” என்றாள். ஒரு தடவை திறந்தேன். இரண்டாம் தடவையும் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒட்டுநாடாவைத் திரும்ப ஒட்டினேன், ஆனால் ஒட்டுநாடாவுக்கும் ஒரு பொறுமை உண்டல்லவா?

பிறகு ஒரு நாள், பிள்ளையைக் குளிப்பாட்டி அதே அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு கவுனை எடுத்து மாட்டி, தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் கழுத்தில் முகம் வைத்தால் அப்பா மணம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். ஆயுசு ஒட்டும் என்பார்களே, இதோ ஒட்டிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மூச்சில்தான் புரிந்தது. கவுனைக் கழற்றி வீசிவிட்டு, பிள்ளையை மறுபடி குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் குறையில்லை என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் அவள் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

அலமாரியைக் காலிசெய்து எல்லாவற்றையும் துவைக்கப் போட்டேன். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மனைவி வந்து வாசலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சருவத்தை எடுத்து அடுப்பில் வைத்து, தண்ணீர் ஊற்றியதும் அவள்தான்.

அந்த ஒரு துண்டுக்கு அவ்வளவு பெரிய பாத்திரம். தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பல தடவை அவித்து, மழை விட்ட நாட்களிலெல்லாம் மாடியில் காயவைத்து, கடைசியில் ஒரு நல்ல வெயில் நாளில் கொண்டுவந்து மூக்கில் வைத்தேன். இழுத்தேன். திருப்பி வைத்து இழுத்தேன். மனைவியிடம் கொடுத்தேன். அவளும் இழுத்துப் பார்த்தாள்.

“மணம் போயிட்டு” என்றாள்.

பிள்ளை பாயில் கிடந்தாள். துடையிடுக்கு, நான் பார்த்தே மறந்துபோயிருந்த நிறத்தில் இருந்தது. துணியை முக்கோணமாக மடித்து அவளுக்கு அடியில் தள்ளினேன். அது எதிர்த்து நிற்கவில்லை, அவள் உடம்போடு உட்கார்ந்தது. முனைகளை எடுத்து இடுப்பில் முடிச்சுப் போட்டேன். வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன், பார்த்தாலே தெரிகிற தப்பு, அப்பா உயிரோடு இருந்தால் ஹோட்டல் கல்லாவிலிருந்தே கத்தியிருப்பார்.

பிள்ளை என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் திரும்பவில்லை. காத்திருந்தேன்.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே நெடுஞ்சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் காலை உதைத்தாள், முடிச்சு அவிழ்ந்து விழுந்தது.

அதை எடுத்து, நானே சரியாகக் கட்டினேன்.